லாடம் வளையவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடியுங்கள்

குதிரை லாடத்தைக் கையால் வளைக்க முயன்று விட்டுவிட்டவர்களிடம் ஏன் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "பலம் காணாது." கேட்டவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். நான் பார்த்தவரை பலம் கடைசிக் காரணம். கையில் இருப்பது என்ன இரும்பு, அதை எந்தத் திசையில் மடக்கப் பார்க்கிறோம், எங்கே பிடித்திருக்கிறோம் என்று அதற்கு முன்னால் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இந்த மூன்றையும் விட்டுவிட்டு ஜிம்முக்குப் போய் மாதக்கணக்கில் பாரம் தூக்கினாலும், லாடம் அப்படியே இருக்கும்.

கீழே என்ன நடக்கிறது என்பதை வைத்துப் பிரித்து எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பொருந்துகிற இடத்துக்கு நேரே போகலாம். முதல் இரண்டு பகுதிகளை மட்டும் எல்லோரும் வாசியுங்கள்.

பெயர்களைப் பேசி வைத்துக்கொள்வோம். லாடத்தின் மூடிய பக்கத்தை வளைவு என்கிறேன். அதிலிருந்து இறங்கும் இரண்டு பக்கங்களும் கரங்கள். கரம் முடிகிற இடம் நுனி.

கையில் இருப்பது சரியான லாடமா என்று தெரியவில்லை

யாழ்ப்பாணத்தில் முதற் பிரச்சினையே இதுதான். இங்கே குதிரை என்றால் நெடுந்தீவுதான் நினைவுக்கு வரும். அவை தரவையில் தம் பாட்டில் திரிகிற குதிரைகள். அவற்றுக்கு யாரும் லாடம் அடிப்பதில்லை. ஊரில் லாடம் அடிப்பவரிடம் போய் "லாடம் இருக்கா" என்று கேட்டால், அவர் மாட்டு லாடத்தைத்தான் எடுத்துத் தருவார். மாட்டுக்குக் குளம்பு பிளந்திருப்பதால் ஒரு காலுக்கு இரண்டு தனித்தனித் தகடுகள் அடிக்கவேண்டும். வண்டி மாட்டுக்கு அது சரி. நமக்குப் பிடிக்கவும் இடமில்லை, வளைக்கவும் ஒன்றுமில்லை.

அடுத்தது நுவரெலியாவிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுப்பது. சித்திரை மாதத்தில் அங்கே குதிரைப் பந்தயம் நடக்கும். பந்தயக் குதிரைகளுக்குப் பெரும்பாலும் அலுமினிய லாடம்தான் போடுவார்கள். எடை இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான் வரும், அதிகம் சிரமப்படாமல் வளையும். அதை வளைத்துவிட்டு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தால், விடயம் தெரிந்தவர் ஒருவர் காந்தத்தை எடுத்து வைத்துப் பார்ப்பார். ஒட்டாது. அதற்கு முன்னால் நீங்களே பார்த்துக்கொள்வது நல்லது. பழைய ஸ்பீக்கர் ஒன்றைக் கழற்றினால் காந்தம் கிடைக்கும்.

மூன்றாவது, வாசலில் தொங்கவிடுவதற்காக விற்கிற அலங்கார லாடம். அதைத் தொடவே வேண்டாம். பல வார்ப்பிரும்பு. வளையாது, உடையும். சீமெந்துத் தரையில் மெல்லப் போட்டுப் பாருங்கள். உருக்கு 'கிணீர்' என்று ஒலிக்கும், வார்ப்பிரும்பு 'டொக்' என்று அடங்கிவிடும்.

சரியான லாடம் என்பது சவாரிக் குதிரைக்கு அடிக்கிற, மென்மையான உருக்கில் செய்த சாதாரண லாடம். அகலம் 20 மி.மீ. அளவில், தடிப்பு 8 மி.மீ. அளவில், எடை 350 முதல் 400 கிராம் வரை இருக்கும். கொழும்பில் குதிரை வளர்க்கிறவர்களிடம் சொல்லி வைத்தால் கிடைக்கும். பழசு என்றால், குதிரையின் காலில் தேய்ந்து வளைவுப் பக்கம் மெலிந்திருக்கும். பழகுவதற்கு அது நல்லதுதான், அதை வைத்து உங்கள் அளவைக் கணக்கிடாதீர்கள்.

கிடைக்கவில்லையா? கம்மாலைக்குப் போங்கள். இரும்புக் கடையில் 20 மி.மீ. அகலமும் 6 மி.மீ. தடிப்பும் உள்ள சாதாரணப் பட்டை இரும்பு வாங்கி, ஓரடிக்குச் சற்று மேலாக வெட்டி, சூடாக்கி லாட வடிவில் வளைத்துத் தரச் சொல்லுங்கள். இரண்டு விடயத்தை வடிவாகச் சொல்லிவிடவேண்டும். ஒன்று, வளைத்தபின் தண்ணீரில் போடக்கூடாது, சாம்பலிலோ மணலிலோ தானாக ஆறவிடவேண்டும். இரண்டு, லொறி வில்லுத் தகட்டில் செய்யக்கூடாது. நம் கம்மாலைகளில் கத்தியும் கோடரியும் செய்ய அந்தத் தகட்டைத்தான் எடுப்பார்கள், "நல்ல இரும்பு தம்பி" என்று அன்பாக அதையே உங்களுக்கும் செய்து தந்துவிடுவார்கள். நல்ல இரும்புதான், நமக்கு வேண்டியது வேறு. ஓரங்களை அரம் போட்டு மழுக்கி வாங்குங்கள்.

இம்மியும் அசையவில்லை

இதுதான் அதிகம் பேர் வந்து நிற்கிற இடம். கொஞ்சம் கணக்குப் பார்க்காமல் இதைத் தாண்ட முடியாது. சாதாரண தர விஞ்ஞானத்தில் படித்த விசையின் திருப்பம், அதாவது விசையைத் தூரத்தால் பெருக்கினால் வருவது, போதும்.

முதலில் திசை. லாடத்தைக் கையில் எடுத்ததும் எல்லோரும் இயல்பாகச் செய்வது, இரண்டு நுனியையும் பிடித்து இடமும் வலமுமாக விரிக்கப் பார்ப்பது. அப்படி விரித்தால் இரும்பு தன் 20 மி.மீ. அகலத்தின் வழியாக வளையவேண்டும். மென்மையான உருக்கு ஒரு சதுர மில்லிமீற்றருக்கு ஏறக்குறைய 250 நியூட்டன் வரும்போது நிரந்தரமாக வளையத் தொடங்கும் என்று வைத்தால், 20 × 8 மி.மீ. பட்டைக்கு இந்தத் திசையில் சுமார் 200 நியூட்டன் மீற்றர் திருப்பம் வேண்டும். கையின் நடு, வளைவிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருக்கிறது என்றால், ஒவ்வொரு கையும் 200 கிலோவுக்குக் கிட்டிய பாரத்தை இழுக்கவேண்டும். யாராலும் முடியாது என்று சொல்லவில்லை. தொடங்குகிற யாராலும் முடியாது.

அதே லாடத்தைத் தட்டைப் பக்கமாக மடக்கினால், அதாவது ஒரு கரம் முன்னே, மற்றது பின்னே போகும்படி முறுக்கினால், 80 நியூட்டன் மீற்றர் போதும். ஒவ்வொரு கைக்கும் 80 கிலோ அளவு. சின்னப் பாரம் இல்லைதான், ஆனால் தொடை, இடுப்பு, முதுகு எல்லாம் சேர்ந்தால் எட்டக்கூடியது. ஈரச் சாரத்தை இரண்டு கையாலும் பிழிகிற அசைவுதான் வேண்டும்.

நிற்கும் விதம் இது. முழங்காலைச் சற்று மடித்து நில்லுங்கள், அல்லது கதிரையின் விளிம்பில் உட்காருங்கள். வளைவு மேலே, நுனிகள் கீழே. வலக்கைப் பழக்கமுள்ளவர் என்றால் இடக் கரத்தை இடத் தொடைக்கு மேல் வைத்து, இடக்கையின் அடிப்பகுதியால் அதை முன்னோக்கித் தள்ளி அசையாமல் பூட்டிவிடுங்கள். வலக்கை வலக் கரத்தைப் பிடித்து வயிற்றை நோக்கி இழுக்கட்டும். முழங்கைகள் இரண்டும் விலாவோடு ஒட்டியிருக்கவேண்டும். முழங்கை வெளியே பறந்தால் தோளும் முதுகும் வேலையிலிருந்து கழன்றுவிடும், பிறகு முன்கை மட்டும் தனியே போராடும்.

அடுத்தது பிடி. சுண்டுவிரல் நுனியைத் தொட்டுக்கொண்டு இருக்கவேண்டும். கை 2 செ.மீ. உள்ளே ஏறிவிட்டால் 80 கிலோ 100 கிலோ ஆகிவிடும். மேலே சொன்ன கணக்கிலேயே 10ஐ 8 ஆக்கிப் பாருங்கள். இழுக்கும்போது கை தன்னையறியாமல் வளைவுப் பக்கம் ஏறும், அங்கே பிடிக்க வசதியாக இருப்பதால். ஒருவரைப் பக்கத்தில் நிற்கவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் போனில் வீடியோ எடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் அசையவில்லை என்றால், லாடம் உங்களுக்கு அதிகம். தடிப்பை வேணியர் இடுக்கியால் அளவுங்கள், கண்ணால் பார்த்து மதிக்கவேண்டாம். 8 மி.மீ.க்கும் 10 மி.மீ.க்கும் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, கைக்குத் தெரியும். தடிப்பு கூடும்போது தேவையான திருப்பம் அதன் வர்க்கமாகக் கூடுகிறது. 20 மி.மீ. அகலத்துக்கு 6 மி.மீ. தடிப்பென்றால் சுமார் 45 நியூட்டன் மீற்றர், 8 என்றால் 80, 10 என்றால் 125. இதனால்தான் 6 மி.மீ. பட்டையில் தொடங்கச் சொல்கிறேன். இன்னொன்று: பெரிய லாடம் கஷ்டம், சின்னது சுகம் என்று நினைப்பவர்கள் நிறைய. தடிப்பு ஒன்றாக இருந்தால் பெரியதுதான் சுகம், கரம் நீளம்.

இடையில் ஒரு எச்சரிக்கை. "லாடம் இல்லை, கட்டடக் கம்பியில் பழகுகிறோம்" என்று சில பெடியள் தொடங்குகிறார்கள். இப்போது கடையில் விற்கிற முறுக்குக் கம்பி, மென்மையான உருக்கைப்போல இரண்டு மடங்கு உறுதி. 10 மி.மீ. கம்பியே 8 மி.மீ. லாடத்துக்குச் சமமாக நிற்கும். உருண்டை என்பதால் சுகமான திசை என்று ஒன்றும் கிடையாது. மேலேயுள்ள வரிகள் கையைச் சீவிவிடும். பழக அது தோதில்லை.

வளைகிறது, விட்டதும் பழையபடி திரும்பிவிடுகிறது

இரண்டு காரணம்தான். ஒன்று, நீங்கள் இன்னும் எல்லையைத் தாண்டவில்லை. எல்லா உருக்கும் நிரந்தரமாக வளைவதற்கு முன் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, பிறகு திரும்பும். அந்த விட்டுக்கொடுப்பு சில மில்லிமீற்றர்தான். அவ்வளவு வந்தாலே நல்ல செய்தி, எல்லைக்குக் கிட்ட நிற்கிறீர்கள். வெட்டி வெட்டி இழுக்காமல், ஒரே சீராக ஏற்றிக்கொண்டு போய் மூன்று நான்கு விநாடி பிடியுங்கள். வெட்டி இழுத்தால் தசைநார்தான் முதலில் விட்டுக்கொடுக்கும்.

இரண்டாவது, விட்டுக்கொடுப்பு நிறைய இருந்து, விரற்கடை அளவு வளைந்தும் முழுதாகத் திரும்புகிறது என்றால், அது வில்லுத் தகடு. நான் மேலே சொன்ன "நல்ல இரும்பு". சந்தேகம் இருந்தால் வெல்டிங் கடையில் கிறைண்டரில் ஒரு மூலையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மென்மையான உருக்கின் பொறி நீளக் கோடாகப் போகும். கரி கூடிய வில்லு உருக்கின் பொறி நட்சத்திரம் நட்சத்திரமாக வெடிக்கும். வெடித்தால் அதைக் கத்தி செய்யக் கொடுத்துவிடுங்கள்.

பாதி வந்து நின்றுவிட்டது

முதல் அசைவு வந்ததும் மனம் குளிர்ந்து, மிச்சம் சுலபம் என்று தோன்றும். இரும்பு அப்படி நினைப்பதில்லை. உருக்கு வளைந்த இடத்தில் இறுகும். சதுர மில்லிமீற்றருக்கு 250 நியூட்டனில் வளையத் தொடங்கிய அதே இடம் 400ஐத் தாண்டியும் எதிர்த்து நிற்கக்கூடும். அதோடு கரம் திரும்பியபின், முன்பு பிடித்த கோணத்தில் உங்கள் உடல் பலம் அதன்மேல் விழாது.

ஆகவே நின்ற இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல், லாடத்தையே கால்வட்டம் திருப்புங்கள். முறுக்கியதால் இரண்டு கரங்களும் இப்போது ஒரு தளத்தில் இல்லை. ஒரு கரத்தைத் தொடையில் படுக்கவைத்து அதன்மேல் கையை ஊன்றி, மற்றதை மேலே மார்பை நோக்கி இழுத்தால் இரும்பு மறுபடியும் தட்டைப் பக்கமாக வளையும். முறுக்கல், விரித்தல், முறுக்கல், விரித்தல் என்று மாற்றி மாற்றிப் போனால் நேர்ப்பட்டையாகவோ 'எஸ்' வடிவமாகவோ கொண்டுவரலாம். இதய வடிவம் இன்னும் ஒருபடி மேல். ஒரு கரத்தை முழுச் சுற்றுச் சுற்றி மற்றப் பக்கம் கொண்டுவரவேண்டும், அந்த நேரம் வளைவு நன்றாக இறுகியிருக்கும். முதல் ஆறு மாதத்துக்கு அந்த ஆசையை விடுங்கள்.

"இன்றைக்கு இவ்வளவு, மிச்சத்தை அடுத்த கிழமை பார்ப்போம்" என்று வைத்துவிட்டுப் போவதும் நல்லதல்ல. வளைந்த மென்மையான உருக்கு சும்மா கிடந்தாலே நாட்போக்கில் அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் இறுகும். நம் வெயிலில் அது சற்று விரைவாகவே நடக்கும். அன்றே முடியுங்கள். முடியவில்லையென்றால் அதை ஒதுக்கிவிட்டு, அடுத்த முறை புதியதை எடுங்கள்.

கை வழுக்குகிறது, உள்ளங்கை கிழிகிறது

பங்குனி, சித்திரைப் புழுக்கத்தில் கை நனையாமல் இருக்காது. கரும்பலகையில் எழுதுகிற வெண்கட்டியை நொறுக்கிப் பூசுகிறார்கள். அது பெரும்பாலும் ஜிப்சம், கொஞ்ச நேரத்தில் சேறாகிவிடும். பாரம் தூக்குகிறவர்கள் பூசுவது மக்னீசியம் காபனேற்றுத் தூள். விளையாட்டுப் பொருள் கடைகளில் கட்டியாக விற்பார்கள். திருநீறு பூசிக்கொண்டு வருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். நெற்றிக்கு நல்லது.

தூளைவிட முக்கியம் சுற்று. வெறும் விளிம்பைப் பிடித்து 80 கிலோ இழுத்தால், பலம் தீருவதற்கு முன்பே வலி உங்களை நிறுத்திவிடும். இதை ஏமாற்று என்று சொல்பவர்களுக்குச் செவி கொடுக்காதீர்கள், இந்த வித்தை செய்கிறவர்கள் பலர் தோல் சுற்றித்தான் வளைக்கிறார்கள். நல்ல தடித்த தோல் துண்டு கிடைத்தால் சிறப்பு, செருப்புத் தைப்பவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் பழைய ஜீன்ஸ் துணியை இரண்டு சுற்று இறுக்கிச் சுற்றி, அதன்மேல் சைக்கிள் ரியூப்பைப் பட்டையாக வெட்டி இழுத்துக் கட்டுங்கள். துவாய் வேண்டாம். மெத்தென்று இருக்கும், ஆனால் உள்ளே லாடம் உருண்டு திரும்பும், நீங்கள் கொடுக்கிற விசையில் பாதி துணியைப் பிழிவதில் போய்விடும்.

ஒரேயொரு விதி உண்டு. சுற்று நுனியைத் தாண்டி நீளக்கூடாது. நீண்டு விறைத்து நின்றால் அது நெம்புகோல், அப்போதுதான் ஏமாற்று.

துரு ஏறிய லாடத்தால் தோல் கிழிந்தால் கழுவிவிட்டு விடாதீர்கள், கடைசியாக எப்போது ஏற்பூசி (டெட்டனஸ் ஊசி) போட்டீர்கள் என்று யோசியுங்கள். நினைவில்லையென்றால் போட்டுக்கொள்ளுங்கள்.

தொடை கன்றிப் போகிறது

போகும். தடித்த துணியை நான்காக மடித்து வையுங்கள், லாடத்தின் விளிம்பு அல்லாமல் உங்கள் கை தொடையில் படும்படி வையுங்கள். முழங்காலுக்கு மிகக் கிட்ட வைக்காமல் தொடையின் சதைப் பகுதியில் ஊன்றுங்கள். தொடையில் ஊன்றுவது குறைந்த வித்தை என்று நினைத்தால் பிறகு ஊன்றாமல் செய்து பாருங்கள். அது தனி வித்தை, அதற்கு மெல்லிய லாடத்திலிருந்து மறுபடி தொடங்கவேண்டும்.

மணிக்கட்டு நோகிறது, முழங்கை நோகிறது

இந்தப் பகுதியில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சுண்டுவிரல் பக்க மணிக்கட்டில் நோ வந்தால், கையைப் பக்கவாட்டில் மடித்துக்கொண்டு முறுக்குகிறீர்கள் என்று பொருள். மணிக்கட்டு முன்கையோடு நேர்க்கோட்டில் நிற்கவேண்டும். நிற்க மறுத்தால் லாடம் உங்களுக்குத் தடிப்பு. நோ இருக்கும்வரை நிறுத்துங்கள். தசை சில கிழமைகளில் பலப்படும், தசைநாரும் மூட்டுநாரும் மாதக்கணக்கில்தான் அதைத் தொடரும். ஆரம்பத்தில் உற்சாகமாக ஓடிப் போய் அடிபடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இந்த இடைவெளிதான் காரணம். கிழமைக்கு இரண்டு நாள், ஒரு நாளுக்குச் சில முழு முயற்சி, அதற்குமேல் வேண்டாம். மற்ற நாட்களில் ஈரத் துணி பிழியுங்கள், சுத்தியலைக் காம்பின் கடைசியில் பிடித்து மணிக்கட்டால் மெல்ல ஏற்றி இறக்குங்கள். துலாக் கயிறு பிடித்துத் தோட்டத்துக்கு இறைத்த தலைமுறைக்கு இந்தப் பயிற்சி ஒன்றும் தேவைப்பட்டிருக்காது. மோட்டார் வந்தபின் நமக்குத் தேவைப்படுகிறது.

முழங்கையின் முன்மடிப்பில் 'டக்' என்று ஒரு சத்தமோ அறுந்ததுபோல் ஓர் உணர்வோ வந்து, பிறகு அந்த இடம் நீலமாகி, மேற்கைத் தசை மேலே சுருண்டு நின்றால், அது இருதலைத் தசையின் நார் அறுந்ததற்கான அறிகுறி. உள்ளங்கை மேலே பார்க்க இழுக்கிற கைக்குத்தான் இந்த ஆபத்து அதிகம், அதிலும் முழங்கை நீட்டியபடி இருக்கும்போது. எண்ணெய் பூசி இழுத்துவிடுவதும், முறிவு நெரிவுக்குக் கட்டுப் போடுவதும் இதற்கு உதவாது. அன்றே போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். சத்திரசிகிச்சை தேவையென்றால் முதல் இரண்டு மூன்று கிழமைக்குள் செய்வதுதான் சுலபம், பிந்தினால் நார் உள்வாங்கிச் சுருங்கிவிடும்.

வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டலாம், கொடுக்கவேண்டாம்.

தலை சுற்றுகிறது, கண் இருட்டுகிறது

மூச்சை அடக்கிக்கொண்டு முக்கினால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இரத்த அழுத்தமும் எகிறும். விட்ட உடனே விழும். அந்த விழுகையில்தான் கண் இருட்டுகிறது. இழுக்கும்போது பல்லிடுக்கால் மூச்சை மெல்லச் சீறவிடுங்கள். பிரஷர் உள்ளவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், கண்ணில் அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்கள் இந்தப் பக்கமே வரவேண்டாம்.

வளையவேண்டியது உடைந்துவிட்டது

பலசாலி என்று ஐரோப்பாவில் பெயரெடுத்த, சக்சனியை ஆண்ட ஓகஸ்டஸ் 1711இல் கையால் உடைத்ததாகச் சொல்லப்படும் லாடம் ஒன்று ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் உள்ள அருங்காட்சியகம் ஒன்றில் இன்றும் இருக்கிறது. கேட்பதற்கு வளைப்பதைவிடப் பெரிய வித்தையாகத் தோன்றும். எனக்கு அதில் அவ்வளவு வியப்பு இல்லை. ஒரு லாடம் உடையுமா வளையுமா என்பதை மனிதரின் கையைவிட இரும்பின் குணம்தான் அதிகம் தீர்மானிக்கிறது.

உங்கள் கையில் உடைந்தால் முதலில் முறிந்த முகத்தைப் பாருங்கள். முழுவதும் கருஞ்சாம்பல் நிறத்தில் மணல்மணலாக இருந்தால் வார்ப்பிரும்பு. ஒரு பகுதி துரு நிறமாகவும் மிச்சம் புதிதாகப் பளபளப்பாகவும் இருந்தால், அந்த லாடத்தில் முன்பே விரிசல் இருந்திருக்கிறது, ஆணித் துளைக்குப் பக்கத்தில்தான் அது பெரும்பாலும் தொடங்கும். பழைய லாடம் எடுத்தால் துளைகளைச் சுற்றிக் கம்பித் தூரிகையால் தேய்த்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். உடைகிற கணத்தில் இழுக்கிற கை நேரே முகத்துக்கோ விலாவுக்கோதான் வரும். பழகும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். வெல்டிங் கடைக்காரர் அணிவது போதும், கறுப்புக் கண்ணாடி அல்ல, தெளிந்தது.

வீட்டில் வருகிறது, மேடையில் வரவில்லை

சனசமூக நிலைய ஆண்டு விழாவென்றால் மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், பிரதம விருந்தினர் உரை எல்லாம் முடிந்துதான் உங்களைக் கூப்பிடுவார்கள். ஐந்து மணிக்கு உடம்பைச் சூடாக்கிவிட்டு ஏழரைக்கு மேடையேறினால் எப்படி வரும்? பிரதம விருந்தினர் ஒலிவாங்கியைப் பிடிக்கும்போதுதான் தொடங்குங்கள், நேரம் தாராளமாக இருக்கும். மெல்லிய பட்டை ஒன்றை மேடைக்குப் பின்னால் வைத்து ஒரு முறை முறுக்கிவிட்டு வாருங்கள்.

சபையிலிருந்து யாராவது தன் லாடத்தை நீட்டுவார். வாங்காதீர்கள். வில்லுத் தகடா, வார்ப்பா, 10 மி.மீ. தடிப்பா என்று மேடையில் நின்று சோதிக்க முடியாது. உங்கள் லாடத்தை அவரிடம் கொடுத்து முயலச் சொல்லுங்கள், அது நியாயமானது, சபைக்கும் பிடிக்கும். ஆனால் அவர் காலுக்குள் போட்டு மிதிக்கத் தொடங்குமுன் திருப்பி வாங்கிவிடுங்கள்.

லாடத்தை முதல் நாள் நெருப்பில் போட்டுச் சிவக்கவைத்து ஆறவிட்டுக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. குதிரை லாடம் ஏற்கனவே சூட்டில் செய்யப்பட்ட மென்மையான உருக்கு என்பதால் இதில் பெரிய இலாபம் கிடைக்காது. கறுத்த செதில் மட்டும் மிஞ்சும், தெரிந்தவர் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார். அந்த நேரத்தில் இன்னொரு 6 மி.மீ. பட்டை வளைத்துப் பழகியிருக்கலாம்.

வளைத்து முடித்ததும் சபைக்குள் எறியவேண்டாம். வளைந்த இடம் சற்றுச் சூடாகவும் இருக்கும், ஓரத்தில் சிம்பும் எழும்பியிருக்கும்.

வளைத்ததைத் திரும்ப நேராக்கிப் பாவிக்கலாமா

கேட்காதவர் இல்லை, லாடம் இங்கே அவ்வளவு அரிது. வேண்டாம். இறுகிய இடத்தைத் திருப்பி மடக்கினால் அங்கே விரிசல் விழும், அடுத்த முறை உடைகிற இடம் அதுதான். கம்மாலையில் மறுபடி சிவக்கக் காய்ச்சி நேராக்கித் தந்தால் ஓரளவு சரிவரும், ஆனால் ஆணித் துளை உள்ள லாடத்தில் அதையும் நான் நம்பமாட்டேன். துளையில்லாத பட்டை என்றால் ஒருமுறை காய்ச்சி எடுக்கலாம். மிச்சத்தைப் பழைய இரும்பு வாங்க வருபவருக்குப் போட்டுவிடுங்கள். வளைத்த ஒவ்வொன்றிலும் தடிப்பையும் திகதியையும் மாக்கரால் எழுதி ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொண்டால், அடுத்த பட்டை வாங்கப் போகும்போது கடைக்காரரிடம் எத்தனை மில்லி கேட்பதென்று யோசிக்கத் தேவையிருக்காது.